‘டிட் நாட் வென்ட்’ எழுதும் பிள்ளைக்கு: எல்லையோர வகுப்பில் ஆங்கிலப் பிழை நீக்கும் வழிமுறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையோரமாக இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் என்று பல ஊர்களிலிருந்து வருகிறவர்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பஸ் கண்டக்டரிடமும் வில்லேஜ் ஆபீஸிலும் மலையாளம் பேசுகிறார்கள். பரீட்சைத் தாளில் ஆங்கிலம் எழுதுகிறார்கள். பதினான்கு வயதில் மூன்று மொழி, மூன்று எழுத்து. இவர்கள் தாளைத் திருத்தும்போது ஓரத்தில் ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையில் எழுதுவதை நான் நிறுத்தி வெகுநாளாயிற்று. பெரும்பாலான பிழைகள் கவனக்குறைவால் வருவதில்லை. பிள்ளையின் மனதில் ஒரு விதி இருக்கிறது, அந்த விதிப்படிதான் எழுதுகிறது. விதி எது என்று கண்டுபிடித்துவிட்டால், அதைச் சரிசெய்ய வேண்டிய கருவி அநேகமாகப் பிள்ளை வாயிலேயே தமிழாக இருக்கிறது.

கீழே பிழைகளை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வகுப்பில் எது தெரிகிறதோ அங்கே போய்ப் படியுங்கள்.

எந்த அறிகுறிக்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. தாளைப் பிள்ளை கையில் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிழை வரும் இடத்தில் தானே நின்று, “அய்யோ டீச்சர், தப்பா எழுதிட்டேனுங்க” என்று சொன்னால் அது கைத்தவறு. அதற்குப் பாடம் எடுக்க வேண்டாம். தடையே இல்லாமல் படித்துப் போனால் அங்கே ஒரு விதி உட்கார்ந்திருக்கிறது. அதற்குத்தான் வைத்தியம்.

அறிகுறி: ‘ஐ டிட் நாட் வென்ட்’, ‘டிட் யூ சா’, ‘டஸ் நாட் கோஸ்’

எல்லா வகுப்பிலும் இதுதான் முதலில் கண்ணில் படும். பிள்ளை மனதில் இருக்கும் விதி: “நேற்று நடந்தது என்றால் வென்ட்.” அந்த விதியில் தவறில்லை. இல்லை என்று சொல்லும்போது காலம் எங்கே போய் உட்காருகிறது என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

பலகையில் ‘போனவில்லை’ என்று எழுதுங்கள். வகுப்பை வாசிக்கச் சொல்லுங்கள். சிரிப்பார்கள். “ஏன் கண்ணு சிரிக்கிறீங்க?” என்று கேட்டால், “அது போகவில்லைன்னு வரணுமுங்க” என்பார்கள். அந்த ‘போக’வைச் சுற்றி வட்டம் போடுங்கள். தமிழிலும் ‘இல்லை’ வந்து சேர்ந்ததும் வினை தன் காலத்தைக் கழற்றி வைத்துவிடுகிறது. போனேன் என்பது போகவில்லை ஆகிறது. ஆங்கிலத்தில் வென்ட் என்பது டிட் நாட் கோ ஆகிறது. ‘டிட்’ காலத்தைத் தூக்கிக்கொண்டதால், அடுத்து வரும் வினை வெறுங்கையோடு நிற்க வேண்டும்.

இதே வட்டத்தை இன்னும் பெரிதாக்கலாம். போக முடியும், போக வேண்டும், போகக் கூடாது, போகச் சொன்னார், போகலாம், போகட்டும். தமிழில் ‘போக’ வரும் இடங்களில் ஆங்கிலத்தில் ‘கோ’ வருகிறது: கேன் கோ, மஸ்ட் கோ, டோல்ட் மீ டு கோ, லெட் ஹிம் கோ. செயவென் எச்சம் என்று தமிழ் வகுப்பில் படித்த ஒன்று இங்கே சோறு போடுகிறது. ‘குட் வென்ட்’, ‘டு வென்ட்’, ‘மஸ்ட் கோஸ்’ ஆகிய மூன்று பிழைகளும் இந்த ஒரே பாடத்தில் குறையும்.

எங்கள் பகுதிக்கென்று ஒரு எச்சரிக்கை. மலையாளத்தில் ‘போயில்லா’ என்பார்கள். போயி என்ற இறந்தகால வடிவம் அப்படியே நிற்க, அதன் பின்னால் இல்ல சேர்கிறது. விளையாட்டு மைதானத்தில் மலையாளம் அதிகம் பேசும் பிள்ளைக்கு, ‘டிட் நாட் வென்ட்’ காதுக்குப் பொருத்தமாகவே பட்டிருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் தமிழ் வாக்கியத்தைச் சொல்லச் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள்.

அறிகுறி: ‘மை பிரதர் கோ’, பிறகு ‘தே கோஸ்’

இவை இரண்டும் ஒரே நோயின் இரண்டு கட்டங்கள். முதலில் எஸ் விட்டுப்போகும். நீங்கள் எஸ் எஸ் என்று பத்து நாள் சொன்னதும் எல்லா இடத்திலும் வந்து ஒட்டிக்கொள்ளும். பெயர்ச்சொல்லில் எஸ் பன்மையைக் காட்டுவதால், பலர் போகிறார்கள் என்றால் வினைக்கும் எஸ் வேண்டும் என்று பிள்ளை நினைக்கிறது. அதன் கணக்கில் தவறு சொல்ல முடியாது.

இங்கே தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சொத்து இருக்கிறது. போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது, போகிறார்கள். யார் செய்கிறார்கள் என்பதற்கு ஏற்ப வினையின் வாலை மாற்றுவது நமக்கு மூச்சு விடுவது போல. மலையாளத்தில் அந்த வால் இல்லை: ஞான் போகுன்னு, அவன் போகுன்னு, அவர் போகுன்னு என்று எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். அதனால் மலையாள வழியில் படித்து வந்த ஆசிரியர்கள் இதை விளக்கப் பெரும்பாடு படுகிறார்கள். நாம் படத் தேவையில்லை. “நமக்கு எத்தனையோ வால், இங்கிலீஷ்காரனுக்கு ஒரே ஒரு வால். அதுவும் அவன், அவள், அது என்ற மூன்று பேருக்கு மட்டும்” என்று சொன்னால் போதும்.

ஆனால் ஒரு இடத்தில் தமிழே குழியும் பறிக்கிறது. ‘மை ஃபாதர் கோ டு மார்க்கெட்’ என்று எழுதிய ஒரு பிள்ளை, அதே தாளில் ‘மை டாக் ஸ்லீப்ஸ்’ என்று சரியாக எழுதியிருந்தது. அப்பாவுக்கு மட்டும் ஏன் எஸ் இல்லை என்று கேட்டேன். “அப்பா போறாங்கன்னுதானுங்க டீச்சர் சொல்லோணும்” என்றது. மரியாதைக்காகப் பலர்பால் விகுதி போடும் பழக்கம் ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. அப்பா, அம்மா, ஹெட்மாஸ்டர், தாத்தா என்று மரியாதைக்குரிய எழுவாய்களாகப் பார்த்து ஒரு பயிற்சி கொடுங்கள். ஆங்கிலத்தில் மரியாதை வினையில் இல்லை, குரலிலும் சொல்லும் முறையிலும் இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அப்பாவுக்கு எஸ் போட மனம் கூசும் பிள்ளைகள் உண்டு. அந்தக் கூச்சத்தை மதித்துப் பேசினால் சீக்கிரம் சரியாகும்.

அறிகுறி: ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’

ஐஎன்ஜி போடக்கூடாத வினைகள் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அதற்குப் பதிலாக வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘எனக்கு’ என்று தொடங்குகிறதா, ‘நான்’ என்று தொடங்குகிறதா என்று பாருங்கள்.

எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க. இவை எல்லாம் ‘எனக்கு’. ஆங்கிலத்தில் நோ, லைக், வான்ட், ஹேவ். இவற்றுக்கு ஐஎன்ஜி வேண்டாம். ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள், அதன் காதே தடுக்கும்.

‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ மட்டும் சரியா என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். சரிதான். ‘நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’, அங்கே தொடக்கம் ‘நான்’. இந்த ‘எனக்கு’ சோதனை நூற்றுக்கு நூறு செல்லாது. பசிக்கிறது, வலிக்கிறது போன்றவற்றில் ஆங்கிலம் வேறு வழியில் போகிறது. ஆனாலும் அன்றாடம் வரும் வினைகளுக்கு இது பட்டியலைவிட நன்றாக வேலை செய்கிறது.

அறிகுறி: ‘எ அம்ப்ரெல்லா’, ‘ஆன் யுனிவர்சிட்டி’, ‘எ அவர்’

ஓர் ஊர், ஒரு கிராமம். உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’, உயிர்மெய்க்கு முன் ‘ஒரு’. தமிழ் வகுப்பில் அடி வாங்கிப் படித்த அதே விதிதான் ‘ஆன்’, ‘எ’ என்பதற்கும். இதைச் சொன்னதும் வகுப்பில் பாதிப் பேர் முகம் மலரும். தமிழ் ஐயா சொன்னதும் டீச்சர் சொல்வதும் ஒன்றாகிவிடுவதில் பிள்ளைகளுக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

சிக்கல் எழுத்தில் இருக்கிறது. எழுத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், ஒலியைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு நம் எழுத்தே நல்ல கருவி. ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். மணி நேரத்தைக் குறிக்கும் சொல் ‘அவர்’ என்று வருகிறது. தொடக்கம் அகரம், ஆகவே ஆன். ‘யுனிவர்சிட்டி’ தொடங்குவது யகரத்தில், ஆகவே எ. ‘எம்.எல்.ஏ.’ எகரம், ஆகவே ஆன். ‘யூரோப்பியன்’ யகரம், ஆகவே எ. ஆங்கில எழுத்து மறைத்து வைத்ததைத் தமிழ் எழுத்து வெளியே காட்டிவிடுகிறது.

இது தவறும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று என்ற எண்ணுக்குரிய ஆங்கிலச் சொல்லை நாம் ‘ஒன்’ என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அது ‘வன்’ என்றுதான் ஒலிக்கிறது, அதனால் அதற்கு ‘எ’தான். எதிர்ப்பக்கத்தில், முட்டையை நம் பிள்ளைகள் ‘யெக்’ என்று சொல்வார்கள். எலியை ‘யெலி’ என்று சொல்லிப் பழகிய நாக்கு. அந்த ‘ய’ நாம் சேர்த்தது, ஆங்கிலத்தில் இல்லை. ‘எ யெக்’ என்று எழுதும் பிள்ளைக்கு முதலில் உச்சரிப்பைத் திருத்துங்கள், ஆர்ட்டிகிள் தானாகத் திருந்தும்.

அறிகுறி: ‘தி’ எங்கே போடுவது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் போடுவது, அல்லது எங்கேயும் போடாமல் விடுவது

தமிழில் ‘தி’ இல்லை என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். ஆனால் அது செய்யும் வேலையில் ஒரு பகுதியை நம் இரண்டாம் வேற்றுமை செய்கிறது. ‘அப்பா மாடு வாங்கினார்.’ எந்த மாடு என்று உங்களுக்குத் தெரியாது. ‘அப்பா மாட்டை வித்துட்டார்.’ எந்த மாடு என்று பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரியும். முதலாவது எ கவ், இரண்டாவது தி கவ். தேங்காய், புத்தகம், சைக்கிள் என்று எதை வைத்தும் இந்தப் பயிற்சியைச் செய்யலாம். செயப்படுபொருளாக வரும்போது மட்டும்தான் இது செல்லும். மனிதர்களைக் குறிக்கும் சொற்களில் செல்லாது, ஏனென்றால் அங்கே பெரும்பாலும் ஐ உருபு வந்துவிடும். எழுவாயாக வந்தால் ‘அந்த’ என்று சேர்த்துப் பார்த்து, பொருள் கெடவில்லை என்றால் ‘தி’ போடச் சொல்கிறேன். சூரியனுக்கு ஏன் ‘தி’, இமயமலைக்கு ஏன் ‘தி’ என்பதெல்லாம் தனியாகப் படிக்க வேண்டியவை. அதற்குக் குறுக்கு வழி தேட வேண்டாம்.

அறிகுறி: இடியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். மரபுத்தொடர் என்றால் என்ன என்று விளக்குவதற்கு முன், எங்கள் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். “வெள்ளம் வந்துச்சுன்னா என்ன?” தமிழில் ஊர் மூழ்குகிறது. நாலு கடை தள்ளிப் போய் மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் ஒரு கிளாஸ் தண்ணீர் வருகிறது. ‘அவசரம்’ என்பது நமக்குப் பரபரப்பு. மலையாளத்தில் அது வாய்ப்பு. தெலுங்கில் அது தேவை. ஆந்திராவில் குப்பம், நகரிப் பக்கம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எடுக்கிறவர்கள் இந்த மூன்றாவது பொருளை வைத்தே தொடங்கலாம். ஒரே சொல் எல்லை தாண்டினால் வேறு வேலை செய்யும் என்பது எல்லையோரப் பிள்ளைக்கு அனுபவத்தில் தெரியும். மற்ற ஊர் ஆசிரியர்கள் ஒரு வாரம் விளக்க வேண்டியதை இங்கே ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

பிறகு இடியங்களை மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்கிறேன்.

முதல் குவியல், அப்படியே பொருந்துவது. ஒரு விஷயத்தைக் கைகழுவுதல், அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைத்தல், எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுதல், கை கொடுத்தல். வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப், போக் யுவர் நோஸ், ஆட் ஃபியூல் டு தி ஃபயர், கிவ் எ ஹேண்ட். இவற்றுக்கு உழைக்க வேண்டியதில்லை. பயம் போக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

இரண்டாம் குவியல், பொருள் ஒன்று, படம் வேறு. ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்பதை ‘நீல நிலா’ என்று எழுதிய பிள்ளையிடம் அத்தி பூத்தாற்போல என்பதைச் சொன்னேன். அத்தியின் பூ காய்க்குள்ளேயே மறைந்திருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. ப்ளூ மூன் என்று இன்று சொல்வது, ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமியை. இரண்டு பௌர்ணமிக்கு இடையில் சுமார் 29.5 நாள் என்பதால் அது இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் அமைகிறது. அபூர்வம் என்ற ஒரே எண்ணத்துக்கு ஒருவர் மரத்தைப் பார்த்தார், ஒருவர் வானத்தைப் பார்த்தார். ‘கேரி கோல்ஸ் டு நியூகாஸில்’ என்பதும் அப்படியே. நியூகாஸில் இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். பல நூற்றாண்டுகள் அங்கிருந்துதான் லண்டனுக்கு நிலக்கரி கப்பலில் போனது. நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்போம். “நம்ம ஊருக்கு ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டபோது பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன், “பொள்ளாச்சிக்குத் தேங்கா கொண்டு போற மாதிரிங்க” என்றான். அந்த இடியத்தை அந்த வகுப்பில் யாரும் அதற்குப் பிறகு தவறவிடவில்லை. பிள்ளைகளைத் தாங்களே ஒன்றை உண்டாக்கச் சொல்வதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாம் குவியல்தான் ஆபத்தானது. படம் ஒன்று, பொருள் வேறு. ‘புல்லிங் மை லெக்’ என்றால் விளையாட்டாகக் கேலி செய்து ஏமாற்றுவது. நமக்குக் காலை வாரிவிடுவது என்றால் கூட இருந்தே கவிழ்ப்பது. மலையாளத்தில் காலுவாரல் என்றாலும் அதே துரோகம்தான். நண்பன் கேலி செய்ததை எழுதச் சொன்னால், பிள்ளை துரோகக் கதை எழுதிவிடும். ‘கீப் ஆன் ஐ ஆன் தி பேபி’ என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள் என்று பொருள். குழந்தை மேல் கண் வைப்பது நம் வீட்டில் வேறு. அதற்கு மிளகாய் சுற்றிப் போட வேண்டும். ‘ஹார்ட்பர்ன்’ வெறும் நெஞ்செரிச்சல், சாப்பாடு ஒத்துக்கொள்ளாததால் வருவது. வயிற்றெரிச்சல் அடுத்தவர் நன்றாக இருப்பதால் வருவது. இந்தக் குவியலுக்கு நோட்டில் தனிப்பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள், மற்ற இரண்டுக்கும் வேண்டாம்.

அறிகுறி: இடியம் சரி, இடம் தவறு

இந்தப் பிழைக்குக் காரணம் நான்தான். இறந்துபோவதைக் குறிக்கும் தொடர்கள் என்று ‘பாஸ் அவே’, ‘கிக் தி பக்கெட்’ இரண்டையும் ஒரே வரியில் எழுதிப் போட்டேன். நண்பனின் தாத்தா மறைவுக்கு ஆறுதல் கடிதம் எழுதச் சொன்னபோது, ஒரு பெண் பிள்ளை மிகுந்த அக்கறையோடு ‘யுவர் கிராண்ட்ஃபாதர் கிக்ட் தி பக்கெட்’ என்று எழுதிக் கொண்டுவந்தாள். அதைப் படித்தபோது எனக்குத் துக்கமாக இருந்தது. அவள் மேல் ஒரு பிழையும் இல்லை. பொருளைக் கொடுத்த நான், அதன் தரத்தைக் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு இடியத்துக்கும் அதே தரத்தில் உள்ள தமிழ்த் தொடரைச் சேர்த்தே சொல்கிறேன். கிக் தி பக்கெட் என்றால் மண்டையைப் போட்டான். பாஸ் அவே என்றால் காலமானார். மண்டையைப் போட்டார் என்று ஆறுதல் கடிதத்தில் எழுதலாமா என்று கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது. அர்த்தப் பட்டியல் மட்டும் கொடுக்கும் கைடுகளை நான் வகுப்பில் அனுமதிக்காததற்குக் காரணம் இதுதான்.

அறிகுறி: ‘ரெயினிங் டாக்ஸ் அண்ட் கேட்ஸ்’, ‘ஹி டு ஸ்பில் தி பீன்ஸ்’

முதலாவது, மாற்றக்கூடாததை மாற்றியது. இரண்டாவது, மாற்ற வேண்டியதை மாற்றாமல் விட்டது. அக்கம்பக்கம் என்பதைப் பக்கம் அக்கம் என்று சொல்ல மாட்டோம். கைகழுவினான் என்பதைக் கால் கழுவினான் என்று மாற்ற மாட்டோம். ஆனால் கைகழுவினான், கைகழுவுவான், கைகழுவாதே என்று வினையை மட்டும் தாராளமாகத் திருப்புவோம். உள்ளே இருக்கும் பெயர் அசையாது, வினை அசையும். ரகசியத்தை உளறிவிடுவதைச் சொல்லும் தொடரும் அப்படித்தான்: ஸ்பில்ட் தி பீன்ஸ், வில் ஸ்பில் தி பீன்ஸ். ‘டு’ போட்டுப் பட்டியலில் படித்ததால்தான் ‘ஹி டு ஸ்பில்’ வருகிறது. பலகையில் எழுதும்போதே ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள்.

அறிகுறி: கட்டுரையில் மூச்சுக்கு மூச்சு இடியம்

மழை என்றால் பூனையும் நாயும் வந்தே தீரும். எருத்தேம்பதி போல மழைக்கு ஏங்கும் ஊரிலிருந்து வரும் பிள்ளைகூட அதைத்தான் எழுதுகிறது. அது இன்று பேச்சில் பழசாகிப்போன தொடர். ‘இட்ஸ் போரிங்’ (சலிப்பைச் சொல்லும் போரிங் அல்ல, ஊற்றுவதைச் சொல்லும் pouring) என்பதையே கற்றுக்கொடுங்கள், கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது என்பதற்குச் சரியான எடை அதில் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று இடியம் போதும், கட்டுரைக்கு ஒன்று போதும்.

அறிகுறி: ஃப்ரேசல் வெர்ப் என்றாலே குழப்பம்

எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத் தாளில் இதற்கென்று கேள்வி வரும். ‘லுக்’ தெரியும், ‘ஆஃப்டர்’ தெரியும், ‘லுக் ஆஃப்டர்’ தெரியாது. ‘பார்’ என்ற வினையை எடுங்கள். பார்த்துக்கொள், எதிர்பார், தேடிப்பார். பார்த்துக்கொள் என்பதில் பார்ப்பதும் கொள்வதும் எங்கே இருக்கிறது? தம்பியைப் பார்த்துக்கொள் என்றால் சோறு ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அதில் அடக்கம். அதுவேதான் லுக் ஆஃப்டர். விட்டுக்கொடு என்றால் கிவ் இன். கைவிடு என்றால் கிவ் அப். இரண்டையும் ஒரு சண்டைக் கதையில் வைத்துச் சொன்னால் மறக்காது.

இட் எங்கே வரும் என்பது தனிப் பிழை. ‘பிக் அப் இட்’ தவறு, ‘பிக் இட் அப்’ சரி. ‘லுக் இட் ஆஃப்டர்’ தவறு, ‘லுக் ஆஃப்டர் இட்’ சரி. எது பிரியும் எது பிரியாது என்பதை வாக்கியத்தோடு சேர்த்துப் பழகுவதைத் தவிர வேறு வழி நான் காணவில்லை.

அறிகுறி: ‘வேர் யூ ஆர் கோயிங்?’

‘நீ எங்கே போகிறாய்’ என்பதில் எங்கேயை வைத்ததும் கேள்வியாகிவிடும், மற்றது எதுவும் நகராது. ஆங்கிலத்தில் ‘ஆர்’ முன்னால் தாவ வேண்டும். மூன்று பிள்ளைகளை அட்டையோடு நிற்கவைத்து இடம் மாறச் சொல்லுங்கள், இரண்டு நாளில் வரும். கேள்விக்கு எல்லாம் ‘இஸின்ட் இட்’ என்று வால் வைப்பதும் இதே வகை. நம் ‘இல்லையா’வும் மலையாள ‘அல்லே’யும் எல்லா வாக்கியத்துக்கும் பொதுவானவை, ஆங்கில வால் வினைக்கு வினை மாறும்.

அறிகுறி: ‘ஹி செட் தட் ஐ வில் கம் டுமாரோ’

‘நான் நாளைக்கு வர்றேன்னு சொன்னான்’ என்பதன் நேர்ப்பிரதி. உரையாடலை அயற்கூற்றாக மாற்றச் சொல்லும் கேள்வியில் இதனால் நிறைய மதிப்பெண் போகிறது. ஆங்கில விதிகளை ஏழெட்டாக எழுதிப் போடுவதற்கு முன், தமிழிலேயே அயற்கூற்றாக மாற்றச் சொல்லுங்கள். ‘தான் மறுநாள் வருவதாகச் சொன்னான்.’ ‘நான்’ என்பது ‘தான்’ ஆயிற்று, ‘நாளை’ என்பது ‘மறுநாள்’ ஆயிற்று. இன்று அன்றாகும், இங்கே அங்கேயாகும், இப்போது அப்போதாகும். ஆங்கிலத்திலும் இதே மாற்றங்கள்தான்: ஹி, தி நெக்ஸ்ட் டே, தட் டே, தேர், தென். பாதி வேலை தமிழ்ப் பாடத்திலேயே முடிந்துவிட்டது. மீதி ஒன்றே ஒன்று: வில் என்பது வுட் ஆவதும், இஸ் என்பது வாஸ் ஆவதும். தமிழில் இல்லாத அந்த ஒரு படிக்கு மட்டும் முழுப் பாடவேளையையும் செலவழியுங்கள்.

முன்னால் சொன்ன ‘வேர் யூ ஆர் கோயிங்’ இங்கே திரும்பி வருகிறது. நேர்க்கேள்வியில் தவறாக இருந்த அந்தத் தமிழ் வரிசை, அயற்கூற்றில் சரியாகிவிடுகிறது: ‘ஹி ஆஸ்க்ட் வேர் ஐ வாஸ் கோயிங்.’ கேள்வியைத் திருத்திய மறுவாரமே இதை எடுக்காதீர்கள். முதலாவது நன்றாகப் படியட்டும்.

அறிகுறி: இன், ஆன், அட் மூன்றும் கலந்துபோவது

வீட்டில், மேசையில், பஸ்ஸில், பாலக்காட்டில். நம் ‘இல்’ நாலு வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் அட் ஹோம், ஆன் தி டேபிள், பை பஸ், இன் பாலக்காடு. குறுக்கு வழி இல்லை, தொடராகவே பழக்க வேண்டும். ‘டிஸ்கஸ் அபவுட்’ மட்டும் உடனே திருத்தலாம்: டிஸ்கஸுக்குள்ளேயே ‘பற்றிப் பேசு’ முழுவதும் இருக்கிறது.

அறிகுறி: பயிற்சித் தாளில் எல்லாம் சரி, கட்டுரையில் எல்லாம் தவறு

பயிற்சியில் ஒரே விதியை நினைத்தால் போதும். கட்டுரையில் விஷயத்தையும் எழுத்துக்கூட்டலையும் காலத்தையும் ஒன்றாகச் சுமக்க வேண்டும். எல்லாவற்றையும் கவனி என்று சொன்னால் பிள்ளை எதையும் கவனிக்காது.

ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் கடைசிப் பக்கத்தில் அதன் சொந்தப் பிழைகள் இரண்டை மட்டும் எழுதவைக்கிறேன். மாதம் ஒருமுறை, சரியானதை அடித்துவிட்டு அடுத்ததை எழுதலாம். கட்டுரை எழுதி முடித்ததும் இரண்டு முறை படிக்க வேண்டும்: ஒரு முறை முதல் பிழைக்காக, ஒரு முறை இரண்டாவது பிழைக்காக. ஒரே வாசிப்பில் இரண்டையும் தேடக் கூடாது.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள் 80 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். அதற்கு முன் கேள்வியைப் படிக்க மட்டும் 15 நிமிடம் கூல் ஆஃப் டைம். அந்த நேரத்தில் பேனா நகரக்கூடாது, ஆனால் அந்த இரண்டு பிழைகளை மனதில் ஒருமுறை சொல்லிக்கொள்ளலாம். முடிவில் பத்து நிமிடம் மிச்சம் வைக்கச் சொல்லுங்கள். முழுத் தாளையும் திரும்பப் படிக்க அது போதாது. ‘டிட்’ வரும் இடமெல்லாம் விரலை வைத்து, அடுத்த வினையை மட்டும் பார்க்கப் போதும்.